நாட்டை நிறுவிய பிரதமரே அதன் நாடாளுமன்றத்தை மூடியது ஏன்? லாட்வியாவின் கார்லிஸ் உல்மானிஸ் குறித்து ஓர் ஐயம்

வடகரை கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். பால்டிக் நாடுகளின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். லாட்வியாவின் முதல் பிரதமரான கார்லிஸ் உல்மானிஸிடம் வந்ததும் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை.

1918 நவம்பர் 18 அன்று ரீகாவின் இரண்டாம் நகர நாடக அரங்கில் லாட்வியக் குடியரசு அறிவிக்கப்பட்டபோது, அதன் தற்காலிக அரசுக்குத் தலைமை ஏற்றவர் அவர். அந்த நிகழ்ச்சியில் விலிஸ் ரீத்ஸெனியெக்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த ஒரே ஒரு படம்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது. மேடையில் கொடிகள், ஒரு மேசை, அதைச் சூழ்ந்து மனிதர்கள். படம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம், நாளை உயிரோடு இருப்போமா என்றுகூட உறுதியாகத் தெரியாத ஒரு சிறு கூட்டம் துணிந்து ஒரு நாட்டை அறிவித்துவிட்டதே என்ற வியப்புதான் எனக்கு ஏற்படுகிறது.

அதே மனிதர் 1934 மே 15 இரவு, தாம் பிரதமராக இருக்கும்போதே, சாயிமா எனப்படும் நாடாளுமன்றத்தைச் செயல்படவிடாமல் நிறுத்தி, கட்சிகள் அனைத்தையும் தடைசெய்து, தாம் தொடங்கிய உழவர் சங்கக் கட்சியைக்கூட விட்டுவைக்காமல், ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 1940 ஜூன் 17 அன்று சோவியத் படைகள் ரீகாவுக்குள் நுழைந்தபோது எதிர்த்துப் போரிட ஆணை தராமல் மக்களை அமைதி காக்கச் சொன்னவரும் அவரே. இந்த மூன்று செயல்களையும் ஒரே வாழ்க்கையின் தொடர்ச்சியாக எப்படிப் புரிந்துகொள்வது? அதிகார ஆசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. சூழ்நிலையின் கைதி என்று மன்னித்துவிடவும் மனம் வரவில்லை. அவரை ஆழ்ந்து படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஏர்முனை மறுமொழி:

தங்கள் கேள்விக்கு விடை அவருடைய அரசியலுக்கு முற்பட்ட வாழ்க்கையிலிருந்தே தொடங்குகிறது என்பது என் கருத்து. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

உல்மானிஸ் 1877 செப்டம்பர் 4 அன்று ஸெம்கலெ வட்டாரத்தைச் சேர்ந்த பெர்ஸெ பகுதியில், பிக்ஷஸ் என்ற பண்ணையில் பிறந்தார். லாட்வியாவில் ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் தனிப்பெயர் உண்டு. மனிதரைச் சொல்லும்போது பண்ணையின் பெயரையும் சேர்த்துச் சொல்வது அங்கே வழக்கம். அன்று அந்த நிலம் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. ஆனால் நல்ல விளைநிலத்தில் ஏறக்குறைய பாதி ஜெர்மானியப் பிரபுக்களின் பெரும்பண்ணைகளாக இருந்தது. உழுபவன் ஒருவன், உடையவன் வேறொருவன் என்ற நிலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வழக்கறிஞராகவோ பாதிரியாராகவோ ஆக முயலாமல் பால்பண்ணைத் தொழிலைக் கற்கக் கிழக்குப் பிரஷ்யாவுக்குச் சென்றார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதன்பின் ஜூரிக்கிலும் லைப்சிக்கிலும் வேளாண்மை படித்துவிட்டு 1905-இல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டின் புரட்சியில் பங்கெடுத்ததற்காகக் கைதாகி, ப்ஸ்கோவ் சிறையில் இருந்துவிட்டு, வெளியே வந்ததும் ஜெர்மனி வழியாக 1907-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்து 1909-இல் வேளாண்மைப் பட்டம் பெற்றார். சிறிது காலம் அங்கேயே பாடம் நடத்தினார். பிறகு டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பால்பொருள் தொழிலிலும் இறங்கினார். 1913-இல் ரஷ்யப் பேரரசர் பொதுமன்னிப்பு அறிவித்தபோதுதான் அவரால் தாயகம் திரும்ப முடிந்தது. அமெரிக்காவிலிருந்து அவர் கொண்டுவந்தது அரசியல் கோட்பாட்டைக் காட்டிலும் பண்ணை நடத்தும் முறைதான். இதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1929-இல் லாட்வியாவில் மஸ்புல்கி என்ற சிறுவர் வேளாண் குழுக்கள் தொடங்கப்பட்டன. கிராமத்துப் பிள்ளை ஒரு கன்றையோ ஒரு பாத்தியையோ தன் பொறுப்பில் வளர்த்து, அதற்குக் கணக்கு எழுதி, பருவ முடிவில் பலர் முன்னிலையில் காட்ட வேண்டும். அமெரிக்க ஊர்ப்புறங்களில் நடந்துவந்த சிறுவர் சங்கங்களை அப்படியே பார்த்து அமைக்கப்பட்ட ஏற்பாடு அது. உல்மானிஸ் அதற்கு முன்னின்று ஆதரவு தந்தார். நாட்டையும் அவர் இந்தக் கண்ணோடுதான் பார்த்தார் என்று நான் நினைக்கிறேன்: நல்ல மேற்பார்வையாளர் ஒருவர் இருந்து, ஒவ்வொருவரும் தமக்கு விதித்த வேலையைச் சரியாகச் செய்தால், பண்ணை செழிக்கும்.

1917-இல் உழவர் சங்கக் கட்சியைத் தொடங்கியவர்களில் அவர் முதன்மையானவர். மறு ஆண்டு குடியரசை அறிவித்தபோது ரீகாவில் ஜெர்மானியப் படை இன்னும் இருந்தது, கருவூலத்தில் பணமில்லை, படை என்று சொல்லிக்கொள்ளச் சில நூறு பேரே இருந்தனர். கிழக்கிலிருந்து செம்படை வந்தது. அதன் முன்னணியில் லாட்வியத் துப்பாக்கிப் படையினரே இருந்தார்கள் என்பது அக்காலத்தின் பெருந்துயரம். 1919 ஜனவரி தொடக்கத்தில் பேதெரிஸ் ஸ்துச்காவின் சோவியத் ஆட்சி ரீகாவைக் கைப்பற்றவே, உல்மானிஸின் அரசு யெல்காவா வழியாக லியெபாயா துறைமுக நகருக்குப் பின்வாங்கியது.

அங்கும் நிம்மதி கிடைக்கவில்லை. ஏப்ரல் 16 அன்று பால்டிக் ஜெர்மானியர்கள் அரசைக் கவிழ்த்து, அந்த்ரியெவ்ஸ் நியெத்ரா என்ற பாதிரியாரைத் தங்கள் சொல்படி நடக்கும் பிரதமராக அமர்த்தினார்கள். உல்மானிஸும் அமைச்சர்களும் சரத்தோவ் என்ற நீராவிக் கப்பலில் ஏறி, பிரிட்டிஷ் கடற்படையின் பாதுகாப்பில் இரண்டு மாதங்களுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். எண்ணிப் பாருங்கள்: ஒரு கட்டத்தில் லாட்வியாவுக்கு மூன்று அரசுகள் இருந்தன. ரீகாவில் ஒன்று, லியெபாயா கரையில் ஒன்று, கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் தண்ணீரின் மேல் ஒன்று. தண்ணீரின் மேல் இருந்ததே நிலைத்தது. ஜூன் மாதம் செசிஸ் நகருக்கு அருகே எஸ்டோனியப் படைகளும் வடக்கு லாட்வியப் படைகளும் சேர்ந்து ஜெர்மானியப் படையை முறியடித்த பிறகு, ஜூலை 8 அன்று அவருடைய அரசு ரீகா திரும்பியது. 1920 ஆகஸ்ட் 11 அன்று கையெழுத்தான அமைதி உடன்படிக்கையில் சோவியத் ரஷ்யா லாட்விய நிலத்தின் மீது தனக்குள்ள உரிமை அனைத்தையும் என்றென்றைக்குமாகக் கைவிடுவதாக எழுதிக்கொடுத்தது.

அதே ஆண்டு வந்த நிலச்சீர்திருத்தம்தான் அவருடைய வாழ்நாள் சாதனை என்பேன். பிரபுக்களின் பண்ணைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன; உடையவர்களுக்கு ஏறக்குறைய 50 ஹெக்டேர் மட்டும் விடப்பட்டது; மீதி நிலம் 22 ஹெக்டேர் வரையிலான புதுப் பண்ணைகளாக நிலமற்றவர்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. போருக்குமுன் சுமார் 25 லட்சமாக இருந்த மக்கள்தொகை 16 லட்சமாகக் குறைந்து, ஊர்கள் எரிந்து கிடந்த நேரம் அது. சரத்தோவ் கப்பலில் காத்திருந்தவருக்குத் தம்மால்தான் நாடு பிழைத்தது என்ற நம்பிக்கை அப்போதே வேரூன்றியிருக்க வேண்டும். 1934-ஐ அந்த நம்பிக்கையின் வழியாகவே நான் படிக்கிறேன்.


ஏட்டுச்சுவடி மறுமொழி:

ஏர்முனை அவர்கள் எழுதிய முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தாம் நாட்டைக் காப்பாற்றியவர் என்ற நம்பிக்கை ஒருவருக்கு இருப்பது வேறு, நள்ளிரவில் நாடாளுமன்றக் கட்டடத்தைப் படைகொண்டு கைப்பற்றுவது வேறு. நடுவில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் அவருடைய பொறுப்பு எவ்வளவு என்பது விளங்கும்.

சத்வெர்ஸ்மே எனப்படும் அரசியலமைப்பு 1922 பிப்ரவரி 15 அன்று நிறைவேறியது. சாயிமாவில் 100 இடங்கள். விகிதாசார முறையில் தேர்தல் நடந்ததால் மிகச் சிறிய குழுக்களுக்கும் இடம் கிடைத்தது; 20-க்கும் மேற்பட்ட கட்சிகள் ஒரே அவையில் அமர்ந்தன. பெரிய கட்சியான சமூக ஜனநாயகவாதிகள் பெரும்பாலும் ஆட்சிக்கு வெளியே நின்றார்கள். இரண்டாம் இடத்திலிருந்த உழவர் சங்கம் சிறு கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தது. ஆட்சிகள் அடிக்கடி கவிழ்ந்தன. உல்மானிஸே 1921 ஜூனில் பதவி இழந்த பிறகு, 1925 டிசம்பர் முதல் 1926 மே வரையிலும், 1931 மார்ச் முதல் டிசம்பர் வரையிலும் மட்டுமே பிரதமராக இருக்க முடிந்தது. நாட்டை நிறுவியவர் என்று தம்மைக் கருதிய ஒருவருக்குச் சில மாதங்களில் முடிந்துபோன இந்தப் பதவிக்காலங்கள் எவ்வளவு கசந்திருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது.

1933-இல் அவருடைய கட்சி ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை முன்வைத்தது. குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவருக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்பது அதன் சாரம். இது முற்றிலும் முறையான வழி. அவையில் விவாதமும் நடந்துகொண்டிருந்தது. 1934 மார்ச் 17 அன்று அவர் மீண்டும் பிரதமரானார். இரண்டே மாதங்களில், அந்த விவாதம் முடிவதற்குமுன், மே 15 இரவு, ஜெனரல் யானிஸ் பலோதிஸின் துணையோடு இராணுவப் பிரிவுகளும் ஐஸ்ஸர்கி எனப்படும் ஊர்க்காவல் படையினரும் ரீகாவின் முக்கிய இடங்களைப் பிடித்தார்கள். விடிந்தபோது நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. இடதுசாரிகளாலும் தீவிர வலதுசாரிகளாலும் ஆபத்து சூழ்ந்திருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். வலதுசாரி பெர்கோன்கிருஸ்ட்ஸ் இயக்கத்தின் தலைவர்கள் பின்னர் சிறையில் அடைக்கப்பட்டது உண்மையே. ஆனால் முதல் அடி விழுந்தது சமூக ஜனநாயகவாதிகள் மீது. சாயிமாவின் அவைத்தலைவராக 1925 முதல் இருந்துவந்த பௌல்ஸ் கல்னின்ஷ் என்ற முதியவரையே கைதுசெய்தார்கள். பலர் லியெபாயாவில் அடைத்து வைக்கப்பட்டார்கள். 15 ஆண்டுகளுக்குமுன் உல்மானிஸுக்குப் புகலிடம் தந்த அதே துறைமுக நகரம்.

இரத்தம் சிந்தாத கவிழ்ப்பு என்று அதைப் பாராட்டுவோர் உண்டு. உயிரிழப்பு இல்லை என்பது மெய். குடியரசுத் தலைவராக இருந்த அல்பெர்த்ஸ் க்வியேசிஸ் எதிர்க்கவில்லை என்பதும் மெய். அவரும் உழவர் சங்கத்தைச் சேர்ந்தவர், 1936 ஏப்ரலில் பதவிக்காலம் முடியும்வரை அமைதியாக இருந்துவிட்டு விலகினார். அதன்பின் தேர்தல் நடத்தாமல் குடியரசுத் தலைவர் பதவியையும் உல்மானிஸே எடுத்துக்கொண்டார். புதிய அரசியலமைப்பு வரும் என்று தந்த வாக்குறுதி கடைசிவரை நிறைவேறவில்லை. செய்தித்தாள்களில் அவர் பெயருக்குமுன் ‘வதோனிஸ்’, அதாவது தலைவர் என்ற சொல் நிலைத்தது. கட்சிகள் இருந்த இடத்தில் தொழில்வாரியாக மன்றங்கள் அமைக்கப்பட்டன: வணிகத்துக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று, தொழிலாளருக்கு ஒன்று. அவற்றின் உறுப்பினர்களை அமைச்சர்கள் நியமித்தார்கள். ஏர்முனை அவர்கள் சொன்ன பண்ணை மேற்பார்வையாளர் இங்கே முழு உருவம் பெற்றுவிட்டார். வேலைக்காரர்கள் பேசலாம், ஆனால் யார் பேசுவது என்பதை மேற்பார்வையாளரே முடிவு செய்வார்.

எஸ்டோனியாவில் ஆட்சித் தலைவர் பேட்ஸ் அதே ஆண்டு மார்ச்சில் இதையே செய்தார், லித்துவேனியாவில் 1926-லேயே நடந்துவிட்டது என்று சொல்லி இதை எளிதாக்கிவிட முடியாது. அக்கம்பக்கத்தில் நடந்தது சூழலை விளக்கும், கையெழுத்து உல்மானிஸுடையது.


கோதுமைமணி மறுமொழி:

இழையில் ஒரு தரப்பு விடுபட்டுப்போகிறது என்று அஞ்சி இதை எழுதுகிறேன். ‘உல்மானிஸ் காலம்’ என்ற தொடர் லாட்விய மொழியில் பொற்காலம் என்ற பொருளோடு வழங்கிவருகிறது. சோவியத் ஆட்சிக்காலம் முழுவதும் வீடுகளுக்குள் தாழ்ந்த குரலில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட காலம் அது. பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் சென்ற வெண்ணெயும் பன்றி இறைச்சியும், டௌகவா ஆற்றில் 1936-இல் கட்டத் தொடங்கிய கேகும்ஸ் நீர்மின் நிலையம், ரீகாவின் வெஃப் தொழிற்சாலையில் தயாரான உள்ளங்கைக்குள் அடங்கும் மினாக்ஸ் கேமரா ஆகியவை எல்லாம் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை.

எனக்கு மிகவும் பிடித்தது 1935 ஜனவரி 28 அன்று அவர் விடுத்த ‘நட்பு அழைப்பு’. ஒவ்வொருவரும் தாம் முதன்முதலில் எழுத்துப் படித்த பள்ளியை நினைத்துப் பார்த்து, அதற்கு ஒரு நூலையோ ஓவியத்தையோ அன்பளிப்பாக அனுப்புங்கள் என்பதுதான் அந்த அழைப்பு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் வந்து குவிந்தன. கிராமத்துப் பள்ளியின் வெற்று அலமாரி நிரம்புவதைக் கண்ட பிள்ளைக்கு அந்த ஆட்சி எப்படி நினைவில் நின்றிருக்கும்? இன்றும் லாட்வியப் பள்ளிகள் ஜனவரி இறுதியில் அந்த நாளை நினைவுகூர்கின்றன. மக்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துபோக முடியாது.


ஏட்டுச்சுவடி மறுமொழி:

கோதுமைமணி அவர்களின் கருத்தை மதிக்கிறேன். நட்பு அழைப்பு அழகான செயல் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் செழிப்பு குறித்து ஒன்று சொல்ல வேண்டும். உலகப் பொருளாதார மந்தம் 1930-களின் தொடக்கத்தில் லாட்விய ஏற்றுமதியை நொறுக்கியது. 1931-இல் பிரிட்டன் தங்க மதிப்பீட்டை, அதாவது நாணயத்தைத் தங்கத்தோடு பிணைத்த முறையைக் கைவிட்ட பிறகும் லாட்வியா தன் லாட்ஸ் நாணயத்தை ஐந்து ஆண்டுகள் உயர்ந்த மதிப்பிலேயே பிடித்து வைத்திருந்தது. 1936 செப்டம்பரில் லாட்ஸை ஏறக்குறைய 40 விழுக்காடு மதிப்புக் குறைத்துப் பவுண்டுடன் இணைத்த பிறகுதான் ஏற்றுமதி வேகம் பிடித்தது. உலகச் சந்தையும் அப்போது எழுந்துகொண்டிருந்தது. இதற்கு அவையை மூடவேண்டிய தேவை என்ன இருந்தது? அந்த மதிப்புக் குறைப்பை முன்பே செய்யச் சொல்லி வாதாட அவையில் ஆட்கள் இருந்திருந்தால், 1934-க்கும் 1936-க்கும் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளையாவது உழவர்கள் மிச்சப்படுத்தியிருக்கலாம்.

பொற்காலம் எல்லார் வீட்டிலும் பொற்காலமாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுபான்மையினரின் பள்ளிகளுக்கு முன்பிருந்த தன்னாட்சி 1934-இல் பறிக்கப்பட்டது. ஜெர்மானியர், யூதர் ஆகியோர் கையிலிருந்த தொழில்கள் பலவற்றை அரசு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன.


வடகரை மீண்டும் கேட்டது:

அனைவருக்கும் நன்றி. சரத்தோவ் கப்பலையும் நாணய மதிப்புக் குறைப்பையும் நான் இதுவரை இணைத்துப் பார்த்ததே இல்லை. எஞ்சியிருப்பது 1940. ‘நான் என் இடத்தில் இருப்பேன், நீங்கள் உங்கள் இடங்களில் இருங்கள்’ என்று அவர் வானொலியில் சொன்ன வாக்கியத்தைச் சிலர் கண்ணியம் என்கிறார்கள், சிலர் சரணாகதி என்கிறார்கள். பின்லாந்து போரிட்டதே என்ற எண்ணமும் கூடவே வருகிறது.


ஆற்றுமுகம் மறுமொழி:

1940-ஐ 1939 அக்டோபர் 5-இலிருந்து பார்க்க வேண்டும். அன்று மாஸ்கோவில் கையெழுத்தான பரஸ்பர உதவி ஒப்பந்தத்தின்படி 25,000 வரையிலான சோவியத் வீரர்கள் லாட்விய மண்ணில் தளம் அமைத்துத் தங்கலாம். லாட்வியாவின் அமைதிக்காலப் படையே ஏறக்குறைய 20,000 பேர்தான். ஆகவே 1940 ஜூனில் எதிரி எல்லைக்கு வெளியே மட்டும் நிற்கவில்லை. லியெபாயாவிலும் வென்ட்ஸ்பில்ஸிலும் ஏற்கெனவே உள்ளே இருந்தான். பின்லாந்து அத்தகைய தளங்களை 1939-லேயே மறுத்துவிட்டது. அந்த மறுப்புக்குப் பிறகுதான் அங்கே போர் வந்தது. போரிடுவதா வேண்டாமா என்ற முடிவு லாட்வியாவில் ஜூன் 17 அன்று எடுக்கப்பட்டதாக நினைப்பது சரியாகாது. எட்டு மாதங்களுக்குமுன் எடுத்தாயிற்று.

ஜூன் 15 அதிகாலையில் மஸ்லென்கி என்ற இடத்தில் எல்லைக்காவல் சாவடியைச் சோவியத் ஆட்கள் தாக்கி எரித்து, காவலர்களைக் கொன்றார்கள். மறுநாள் இறுதி எச்சரிக்கை வந்தது. அந்த இரண்டு நாட்களும் டௌகவ்பில்ஸ் நகரில் லத்கலெ வட்டாரத்தின் பாட்டு விழா நடந்துகொண்டிருந்தது என்பது என் மனத்தை விட்டு அகலாத செய்தி. அங்கே செல்லவிருந்த உல்மானிஸ் ரீகாவிலேயே தங்கி, வானொலி வழியாக விழாக் கூட்டத்துக்கு வாழ்த்துச் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடிக்கொண்டிருந்த ஊருக்குக் கிழக்கே எல்லையில் படைகள் குவிந்திருந்தன. 17-ஆம் தேதி சோவியத் டாங்கிகள் ரீகாவுக்குள் வந்தன. அன்றிரவு உரையில், இந்தப் படைகள் அரசின் அறிவோடும் ஒப்புதலோடும் வருகின்றன என்றும் அவர் சொன்னார். புகழ்பெற்ற அந்தக் கடைசி வாக்கியத்தைவிட இந்தப் பகுதிதான் என்னை அதிகம் வருத்துகிறது. உயிர்ச்சேதம் தவிர்க்க எண்ணினார் என்பதை ஏற்கிறேன். ஆனால் ‘இது ஆக்கிரமிப்பு’ என்ற ஒரு சொல்லைப் பதிவு செய்திருந்தால், பின்னாளில் இது மக்கள் விரும்பி வரவழைத்த மாற்றம் என்று மாஸ்கோ சொல்லிவந்த கதைக்கு அவ்வளவு எளிதில் இடம் கிடைத்திருக்காது.

இங்கேதான் 1934-இன் விளைவு தெரிகிறது. அந்த ஜூன் மாதம் கூட்டுவதற்கு ஓர் அவை இல்லை. ஆட்சேபிக்க ஓர் எதிர்க்கட்சி இல்லை. 1934-இல் உடனிருந்த பலோதிஸையும் 1940 ஏப்ரலில் போர் அமைச்சர் பதவியிலிருந்து உல்மானிஸ் நீக்கிவிட்டிருந்தார். ஒரு நாடு தன் முடிவை எடுக்கவேண்டிய இரவில் முடிவெடுக்க ஒருவர் மட்டுமே இருந்தார்.

அவருக்குச் சாதகமாக ஒன்றை அழுத்தமாகச் சொல்வேன். ஒரு மாதம் முன்னதாக, மே 17 அன்று, அவருடைய அரசு இரகசியமாக ஒரு முடிவு எடுத்தது. தாயகத்தோடு தொடர்பு அறுந்துபோனால் வெளிநாட்டுத் தூதரகங்கள் அனைத்தையும் வழிநடத்தும் அதிகாரம் லண்டன் தூதர் கார்லிஸ் ஸரின்ஷுக்கும், அவரால் இயலாதபோது வாஷிங்டன் தூதர் அல்ஃப்ரெத்ஸ் பீல்மனிஸுக்கும் செல்லும் என்பது அது. அந்த ஒரு தாளின் பலத்தில் லாட்வியத் தூதரகம் வாஷிங்டனில் 1991 வரை மூடப்படாமல் இயங்கியது. லாட்வியாவைச் சோவியத் ஒன்றியத்தோடு இணைப்பதை ஏற்கவில்லை என்று அமெரிக்கா 1940 ஜூலை 23 அன்று அறிவித்தது. அதை அரை நூற்றாண்டு மாற்றிக்கொள்ளவும் இல்லை. நாடு வரைபடத்தில் இல்லாத ஆண்டுகளிலும் அதன் கடவுச்சீட்டு செல்லுபடியாகும் தாளாக இருந்தது.

அவருடைய முடிவை எழுதக் கை தயங்குகிறது. சோவியத்துகள் அமர்த்திய கிர்ஹென்ஷ்தெயின்ஸின் கைப்பாவை அரசுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டு ஐந்து வாரங்கள் மாளிகையில் இருந்தார். ஒரே பட்டியல் மட்டும் போட்டியிட்ட தேர்தலுக்குப் பிறகு ஜூலை 21 அன்று பதவி விலகச் செய்து, மறுநாள் அவரை நாட்டைவிட்டுக் கொண்டு சென்றார்கள். சுவிட்சர்லாந்து செல்ல அனுமதி கேட்டிருந்தார். இன்று ஸ்தாவ்ரோப்பொல் எனப்படும் ஊரில் வைக்கப்பட்டார். 1941 ஜூலையில் கைது. மறு ஆண்டு போர்முனை நெருங்கியபோது கைதிகள் காஸ்பியன் கடலைத் தாண்டிக் கிராஸ்னவோத்ஸ்க் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். இன்றைய துருக்மெனிஸ்தானில் உள்ள துருக்மென்பாஷி நகரம் அது. அங்கே 1942 செப்டம்பர் 20 அன்று, 65 வயதில், வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார். மணம் செய்துகொள்ளாதவர், பிள்ளைகள் இல்லை. கல்லறை எது என்று அடையாளம் காணப்படவில்லை.


ஏட்டுச்சுவடி மறுமொழி:

ஆற்றுமுகம் அவர்களின் பதிலோடு இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

1934-இல் கைதான அவைத்தலைவர் பௌல்ஸ் கல்னின்ஷை மேலே குறிப்பிட்டேன். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1944 மார்ச் 17 அன்று, 180-க்கும் மேற்பட்ட பொதுவாழ்வினர் இறையாண்மையை மீட்கக் கோரும் அறிக்கை ஒன்றில் மறைவாகக் கையெழுத்திட்டார்கள். அவர்களில் கல்னின்ஷும் ஒருவர். குடியரசுத் தலைவர் இல்லாதபோது அந்தக் கடமை அவைத்தலைவருக்கு உரியது என்று 1922 அரசியலமைப்பு கூறுகிறது. அந்த விதியின்படி சட்டபூர்வத் தொடர்ச்சி அவரிடம் இருந்தது. உல்மானிஸ் மூடிய அவையின் தலைவர்தான், உல்மானிஸ் இல்லாத நாட்டுக்காகக் கையெழுத்திட முறையான ஆளாக எஞ்சியிருந்தார். 1945-இல் அவர் ஆஸ்திரியாவில் அகதியாக இறந்தார்.

இரண்டாவது: 1990 மே 4 அன்று விடுதலையை மீட்டு அறிவித்தபோது, லாட்வியர்கள் 1934-க்குப் பிந்தைய ஏற்பாடு எதையும் கையில் எடுக்கவில்லை. 1922 அரசியலமைப்பின் 1, 2, 3, 6 ஆகிய நான்கு பிரிவுகளை முதலில் உயிர்ப்பித்தார்கள். இறையாண்மை மக்களுக்கு உரியது என்பது அவற்றில் இரண்டாவது பிரிவு. 1993 ஜூலை 6 அன்று புதிய சாயிமா கூடி முழு அரசியலமைப்பையும் மீட்டது. மறுநாள் அந்த அவை குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர் குன்திஸ் உல்மானிஸ், கார்லிஸின் உடன்பிறந்தவருடைய பேரன். 1939-இல் பிறந்து, 1941-இல் கைக்குழந்தையாகக் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர். பெரிய தாத்தா செயலிழக்கச் செய்த அதே சத்வெர்ஸ்மேயின் 40-ஆம் பிரிவில் உள்ள உறுதிமொழியை, 1922-இல் எழுதப்பட்ட அதே சொற்களில், அவர் எழுந்து நின்று படித்தார்.